உலைக்கு முன் ஒரு பிடி

அம்மா உலைக்கு அரிசி போடும் நேரத்தில் நான் பெரும்பாலும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உழக்கால் அளந்த அரிசியைச் சுளகில் கொட்டி, கல்லும் நெல்லும் பொறுக்கி, களைவதற்குச் சட்டியில் தட்டப்போகும்போது அவள் கை ஒரு கணம் நிற்கும். வலது கையால் ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரைத் திண்டில் இருக்கும் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவாள். திங்கட்கிழமை டப்பா காலி என்பதால் தகரத்தில் அரிசி விழும் சத்தம் வாசல்வரை கேட்கும். சனிக்கிழமை சத்தமே இருக்காது, அரிசிமேல் அரிசி விழும். கிழமை என்ன என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பிடி அரிசி என்று அதற்குப் பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி தனியே போகும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள் (எங்கள் ஊரில் கோயில் என்றால் சர்ச்). எல்லா வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். அதை அளந்து விற்று, வருகிற காசு ஊழியத்துக்கு, அதாவது சபையின் பணிகளுக்குப் போகும்.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அப்படி இல்லை. வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த அசரியா, 1903ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்களைக் கொண்டு, நம் காசைக் கொண்டு ஊழியம் செய்வது என்பதுதான் தீர்மானம். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம் என்றார்கள். அந்தக் காணிக்கையில் எங்கள் பூட்டியின் பிடி அரிசியும் உண்டு என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். பின்னால்தான் தெரிந்தது, வடகிழக்கில் மிசோரம் கிறிஸ்தவர்களும் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள் என்று. அவர்கள் பாஷையில் 'புஹ்ஃபாய் தாம்'. அதற்கும் பிடி அரிசி என்றுதான் அர்த்தம்.

ஆனால் நான் எழுத வந்தது சபை வரலாறு இல்லை. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று நாம் சொல்கிறோமே, அதைப் பற்றி. சாவு வீட்டில் சொல்கிறோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிறோம், வேலை போனவனிடம் சொல்கிறோம். என்னிடமும் பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சொன்னபோது மனசு ஆறியது. சிலர் சொன்னபோது எழுந்து போய்விட மாட்டாரா என்று இருந்தது. வார்த்தை ஒன்றுதான். ஆனாலும் ஏன் அப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனசு அந்தத் தகர டப்பாவுக்குத்தான் போகிறது.

அப்பா பனையேறி. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் காட்டில், மாசி முதல் ஆடி வரை பருவம். விடியுமுன்னே தளைநாரும் அரிவாள்பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, இறங்கி, அடுத்த மரம். சாயங்காலம் அதே மரங்களில் மறுபடி. அம்மா விடிலியில் (காய்ச்சுவதற்கென்று போட்ட ஓலைக்குடிசை) பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். ஆறு மாதம் சம்பாதித்து ஆறு மாதத்தைத் தள்ள வேண்டிய பிழைப்பு. அந்த ஆறு மாதத்துக்கும் முன்னாலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகியிருக்கும்.

1989, ஆனி மாதம். எனக்கு 11 வயது. முந்தின ராத்திரி தூறல் விழுந்து மரம் வழுக்கலாக இருந்திருக்கிறது. பாதி மரத்தில் இருந்து அப்பா விழுந்தார். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் கண் திறந்திருந்தது. கத்தவில்லை. "காலு எங்க இருக்குன்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். முதுகெலும்பில் அடி. மாதக்கணக்கில் படுக்கை. பிறகு கம்பு ஊன்றி நாலு அடி நடந்தார், அதற்கு மேல் கடைசி வரை நடக்கவில்லை.

பருவம் பாதியில் நின்றது. முன்பணம் தலைமேல் இருந்தது. அம்மா ஓலைப்பெட்டி முடைந்து கருப்பட்டிக் கடைக்குக் கொடுப்பாள். அதில் எவ்வளவு வரும்? ஒருநாள் வீட்டில் பொட்டு அரிசி இல்லை. அடுத்த வீட்டில் இரண்டு உழக்கு கடன் வாங்கி வந்தாள். சுளகில் கொட்டினாள், கல் பொறுக்கினாள். அந்தக் கை ஒரு கணம் நின்றது. ஒரு பிடியை அள்ளினாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியாது. "நமக்கே இல்ல, இதுலயும் எடுக்கியா? கடன் வாங்குன அரிசி அது!" என்று கத்தினேன். அம்மா டப்பாவில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"கத்தாதட்டி, அப்பா முழிச்சிருவாவ. உலையில விழுறதுதான் நம்மது. இது நம்மது இல்ல."

எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. அன்று சோறு தின்னாமல் படுத்துவிட்டேன். அம்மா எழுப்பி ஊட்டினாள்.

அந்த நாட்களில் பக்கத்து ஊரில் பந்தல் போட்டு ஒரு எழுப்புதல் கூட்டம் நடந்தது. யாரோ சொன்னார்கள் என்று அப்பாவைக் கட்டிலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். பிரசங்கியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். எழுந்திரு என்றார். அப்பாவால் முடியவில்லை. மறுபடி எழுந்திரு என்றார். கடைசியில் ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்க, இந்த வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது, மறைத்துவைத்த பாவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். முதுகு ஒடிந்த மனிதனிடம், நீ நம்பாததால்தான் ஒடிந்து கிடக்கிறாய் என்று சொல்கிற எந்தப் பிரசங்கத்தையும் நான் அன்றிலிருந்து ஏற்றுக்கொண்டது கிடையாது. இன்று காணிக்கையை விதை என்றும், போட்டால் நூறு மடங்கு வரும் என்றும் வட்டிக்கணக்கு மாதிரிச் சொல்கிறவர்களையும் அப்படித்தான். அம்மா போட்ட பிடி எதையும் திருப்பிக் கேட்ட பிடி அல்ல.

அதற்கு அடுத்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெயில் ஏறிய நேரத்தில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். கூட ஒரு பையன், தலையில் பெரிய கடகப்பெட்டி. அந்த வாரம் பிடி அரிசியை விற்க வேண்டாம், அப்படியே எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று சபையில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அவர் அதிகம் பேசவில்லை. ஒரு சங்கீதம் வாசித்தார், ஜெபித்தார், வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அரிசியை நான் இன்னும் மறக்கவில்லை. சாக்குமேல் கொட்டியபோது ஒரே நிறமாக இல்லை. புழுங்கல், பச்சரிசி, சிவப்பு அரிசி, ரேஷன் அரிசி, பெரிய வீட்டுச் சன்ன அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடந்தது. நான் உட்கார்ந்து இது யார் வீடு, அது யார் வீடு என்று பிரித்துப் பார்த்தேன். நீளமாக வெள்ளையாக இருப்பது மில்காரர் வீடு. பழுப்பாக வாடை அடிப்பது ரேஷன், அப்படியென்றால் எங்களை மாதிரி ஆட்கள். அதிலேயே எங்கள் வீட்டு அரிசியும் இருந்தது, கடன் வாங்கி எடுத்து வைத்த அந்தப் பிடியும்.

அம்மா அன்று ராத்திரி அதை வடித்தாள். கலப்பு அரிசி ஒரு சீராக வேகாது. பச்சரிசி குழைந்து களியாகிவிட்டது, புழுங்கல் இன்னும் நறுக்கென்று கடிபட்டது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் தின்றோம். மறுநாள் அம்மாவுக்கு வழி தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் உரலில் இட்டு இடித்து மாவாக்கினாள். மாவான பிறகு எது பெரிய வீடு, எது ரேஷன் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி வைத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறையாவது அந்தக் கடகப்பெட்டி வந்தது.

வேதாகமத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவின் கதையை ஞாயிறு பள்ளியில் அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் காகம்தான் பிடித்த பகுதி. காலையில் அப்பமும் இறைச்சியும், சாயங்காலம் அப்பமும் இறைச்சியும் கொண்டுவரும் காகங்கள். பெரியவளான பிறகு அதே அதிகாரத்தை, ஒன்று இராஜாக்கள் பதினேழை, எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கண் நிற்கும்.

ஒன்று, ஆறு வற்றியது. கேரீத் ஆற்றங்கரைக்குப் போ என்றது கர்த்தர். எலியா போனான், கீழ்ப்படிந்தான். அப்படியும் சில நாட்களுக்குப் பின் அந்த ஆறு வற்றிப்போயிற்று. அவன் செய்த தப்பு என்று அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தேசத்தில் மழை இல்லை, அதனால் வற்றியது. அந்த மழை நின்றது எலியாவே சொன்ன வார்த்தையால். மற்றவர்களுக்கு வந்த பஞ்சம் அவனுக்கும் வந்தது. அப்பா விழுந்ததற்குக் காரணம் தேடி அந்தப் பிரசங்கியார் எங்கள் வீட்டைத் துருவினாரே, இந்த வசனத்தை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம். மரம் நனைந்திருந்தது. வழுக்கியது. அவ்வளவுதான்.

இரண்டாவது, கர்த்தர் யாரிடம் கொடுத்து அனுப்பினார் என்பது. காகம் லேவியராகமத்துச் சட்டப்படி அருவருப்பான பறவைகளில் ஒன்று. தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு அதன் அலகில் வந்தது. ஆறு வற்றிய பிறகு அவனை அனுப்பியது சீதோனுக்கு அடுத்த சாறிபாத் ஊர் விதவையிடம். எலியாவைக் கொல்லத் தேடிய யேசபேல் யார்? சீதோனியர் ராஜாவின் மகள். எதிராளியின் நாட்டில், வேறு தெய்வங்களைக் கும்பிடுகிற ஊரில், நாளைக்கு என்ன என்று தெரியாத ஒருத்தியின் வீட்டில்தான் அவனுக்குப் பந்தி. இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் இதை எடுத்துச் சொன்னபோது, கேட்டவர்களுக்கு வந்த கோபத்தில் அவரை மலைச் சரிவில் இருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். நமக்கான சாப்பாடு நம் ஆள் அல்லாதவன் கையில் வரும் என்பது அன்றைக்கும் பொறுக்க முடியாத பேச்சாகத்தான் இருந்திருக்கிறது.

மூன்றாவதுதான் என்னை அழவைக்கும். அந்த விதவை சொல்கிறாள், கலசத்தில் இருப்பது கொஞ்சம் எண்ணெய், பானையில் இருப்பது ஒரு பிடி மா. ஒரு பிடி! அவள் பொறுக்கிக்கொண்டிருந்தது இரண்டு விறகு. சுட்டுத் தின்றுவிட்டுச் சாகத்தான். எலியா அவளிடம், முதலில் எனக்கு ஒரு சின்ன அடை கொண்டுவா என்கிறான். 11 வயதில் நான் அங்கே இருந்திருந்தால் எலியாவையும் கத்தியிருப்பேன். அந்தப் பானையில் மா தீரவில்லை என்று எழுதியிருக்கிறது. பானை நிரம்பி வழிந்தது என்று எழுதவில்லை. அவள் வீட்டுக்கு மூட்டை வந்து இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கையை விட்டால் அன்றைக்கான மா இருந்தது. நாளைக்கு இருக்குமா என்று அவளுக்குத் தினமும் ராத்திரி தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவும் எனக்கு இதைத்தான் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார். படுத்தபடியே ஓலை வகிர்ந்து கொட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) முடையப் பழகியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் மனப்பாடம் செய்வேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." ஒருநாள் கேட்டேவிட்டேன். "நம்ம தாழ்ச்சியாத்தான இருக்கோம்ப்பா?"

ஓலையை இழுத்துக்கொண்டே, "மத்தியானம் சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டேன்."

"ராவைக்கு?"

"கஞ்சி இருக்காம்."

"அப்ப இன்னைக்குத் தாழ்ச்சி இல்ல. நாளைக்குள்ளத நாளைக்குக் கேப்போம். தினமும் கேக்கச் சொல்லித்தான எழுதியிருக்கு."

இயேசு சொல்லிக் கொடுத்த பரமண்டல ஜெபத்தில் 'இன்று எங்களுக்குத் தாரும்' என்று வருவதைத்தான் சொன்னார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற உணவும் அப்படித்தான், தலைக்கு ஒரு ஓமர் அளவு. நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுக்குப் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு. நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. கானான் தேசத்துத் தானியத்தைப் புசித்த மறுநாள் மன்னா நின்றுபோனது.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பகலில் இப்படிச் சொன்ன அப்பா சில ராத்திரிகளில் அழுவார். குப்புறப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுவார். கட்டில் ஆடுவதை வைத்து எனக்குத் தெரியும். காலையில் வேதம் வாசிப்பார். இரண்டும் ஒரே மனிதன்தான். அப்போஸ்தலன் பவுல், "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதுகிறார் அல்லவா? கற்றுக்கொண்டேன் என்கிறார். பிறக்கும்போதே வந்தது இல்லை. அதுவும் அவர் சிறையில் இருந்துகொண்டு, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் கடிதத்தில். "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று நாம் நாட்காட்டியில் அச்சடித்துத் தொங்கவிடுகிற வசனமும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது.

அப்பா 1998ல் இறந்தார். குணமாகவில்லை. நாங்கள் கேட்டது அதுதான், வந்தது கஞ்சி மாவு. அது எனக்கு இன்றும் முழுதாகச் சமாதானமாகவில்லை. பரலோகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், அதில் இது முதலாவது. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒருநாளும் பட்டினி படுக்கவில்லை என்பதும் நிஜம்.

ஜார்ஜ் முல்லரைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836ல் அனாதைப் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்து, 1870க்குள் ஐந்து பெரிய கட்டடங்களில் ஒரே சமயத்தில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் செய்தவர். மனிதரிடம் காசு கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபம் மட்டும் என்பது அவர் தீர்மானம். பிரசங்கத்தில் அற்புதங்களைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய கணக்கு. வந்த ஒவ்வொரு காணிக்கையையும், சில்லறைக் காசு, பழைய நகை, துணிமணி உட்பட, எழுதி வைத்து வருடாவருடம் அறிக்கையாக வெளியிட்டார். வானத்தில் இருந்து நேராக விழுந்தது என்று அந்தக் கணக்கில் ஒன்றும் கிடையாது. யாரோ ஒருவர் தன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்ததுதான் எல்லாம். அவர் அதைக் கர்த்தர் தந்தது என்று எழுதினார். இரண்டும் உண்மை என்று எனக்குப் புரிய அந்தக் கலப்பு அரிசி உதவியது.

அப்படியானால் கிடைக்காமல் போனவர்கள்? இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போக எனக்கு மனசு வராது. பசியில் செத்தவர்களும் ஜெபம் பண்ணியிருப்பார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்கிற வாயை நான் கண்டிருக்கிறேன், அந்த வாய் எனக்கு வேண்டாம். முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். கர்த்தர் மனிதர் கையில் கொடுத்து அனுப்புகிறார் என்றால், வழியிலேயே ஏதோ ஒரு கை மூடிக்கொண்டிருக்கவும் கூடும். அது என் கையாகவும் இருக்கலாம். இந்தப் பயம் எனக்கு உண்டு.

சரி, 2020க்கு வருகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் திருப்பூர். அவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு வீட்டில் ஒரு தையல் மிஷின், ரவிக்கை தைப்பேன். லைன் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியது. மார்ச் சம்பளம் பாதி வந்தது, ஏப்ரலில் ஒன்றும் இல்லை. ரேஷனில் 1,000 ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தார்கள். எங்கள் கார்டு ஊர் விலாசத்தில் இருந்தது, பஸ் கிடையாது, வாங்க வழியில்லை. என் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. முக்குக் கடை அண்ணாச்சி, எங்கள் ஜில்லாக்காரர்தான், நெற்றி நிறைய திருநீறு பூசியிருப்பார். நாங்கள் கேட்காமலேயே, "எழுதி வச்சுக்கிடுதேன், எடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு மாதம் எழுதினார். எப்போது தருவீர்கள் என்று ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் பீகாரில் இருந்து வந்தவர்கள் குடியிருந்தார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தை, அவன் தம்பிகள் இரண்டு பேர். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் 'அக்கா' மட்டும்தான் தெரியும். நான் வடிக்கிற கஞ்சித் தண்ணீரைக் காட்டினாள். பிறகு குழந்தையின் வாயைக் காட்டினாள்.

சோறு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நாம் கொட்டிவிடுகிற கஞ்சித் தண்ணீரைக் கேட்டாள்.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொல்லி அழுதேன். அம்மா கேட்டாள், "பிடி அரிசி எடுத்து வைக்கியா?"

டவுனுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இங்கே சபையில் காணிக்கைக்குக் கவர்தான், பிடி அரிசி கிடையாது. நான் விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "கோயிலே பூட்டிக் கெடக்கும்மா, எடுத்து யார்ட்ட குடுக்க?" என்றேன்.

"கோயில்தானட்டி பூட்டிக் கெடக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு உலை, இரண்டு பிடி. ஒரு வாரத்துக்கு அரைக்கிலோ தேறும். நாலு பெரியவர்களுக்கு அது ஒரு நேரத்துக்குப் போதுமா? என் மூத்தவள்தான் லைனில் மற்ற வீடுகளில் போய்ச் சொன்னாள். ஆறு வீட்டில் டப்பா வைத்தார்கள். அதில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டியபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, பிரியாணிக்கு வாங்கி மிஞ்சிய சன்ன அரிசி. முப்பது வருஷம் கழித்து அதே அரிசி.

இது ஒரு சீராக வேகாது, இடித்துத்தான் கஞ்சி வைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இந்தி தெரியவில்லை. கையால் இடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். அண்ணாச்சி கடையில் இருந்து போன பருப்போடு சேர்த்துக் குழையக் கிச்சடி ஆக்கிவிட்டாள். ஒரு கிண்ணம் எங்களுக்கும் வந்தது. குழைந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஆதியாகமத்தில் ஆபிரகாம் பலியிடுவதற்காக மகனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறும்போது, பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் ஈசாக்கு கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறான் ஆபிரகாம். நாம் ஸ்டிக்கராக ஒட்டிவைக்கும் 'யேகோவாயீரே' அந்த இடத்தில் பிறந்ததுதான். எபிரெயத்தில் அது பார்ப்பது என்ற சொல்லில் இருந்து வருகிறது. நம் பாஷையிலும் அப்படித்தானே இருக்கிறது? பிள்ளையைப் பார்த்துக்கோ என்றால், கண்ணால் பார் என்பதும் அதில் உண்டு, கவனி என்பதும் உண்டு. அந்தப் பெண் கஞ்சித் தண்ணீரைக் காட்டிய வரையில் எதிர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று நான் பார்த்திருக்கவே இல்லை. பத்தடி தூரம்தான்.

மே மாதம் வெளிமாநிலத்தவர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். அவர்கள் பெயரும் பட்டியலில் வந்தது. கிளம்புகிற அன்று காலை, எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்து இரண்டு நாள். கடையில் கணக்கு 4,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, இனி கேட்க எனக்குக் கூச்சம். தண்ணீரிலேயே வதக்கிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் இருந்து அவரை ஜூனில்தான் கூப்பிட்டார்கள்.

அவள் மூட்டை முடிச்சோடு வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பையில் இருந்து இரண்டு சாமானை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சைகை செய்தாள். பாதி இருந்த கோதுமை மாவுப் பொட்டலம். அடியில் கொஞ்சம் கடுகெண்ணெய் இருந்த பாட்டில்.

கொஞ்சம் மா. கொஞ்சம் எண்ணெய். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் வாய் எழவில்லை.

சாயங்காலம் சப்பாத்திக்குப் பிசைய உட்கார்ந்தேன். கடுகெண்ணெய் காய்ந்த நெடியில் சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எங்கள் வீட்டில் அந்த வாசனை யாருக்கும் பழக்கமில்லை. மூத்தவள் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவைத் தட்டில் கொட்டி, தண்ணீர் விடுமுன், ஒரு பிடி அள்ளி டப்பாவைத் திறந்தேன்.

"அரிசிலயா போடுற? மாவு கலந்துடுமேம்மா" என்றாள்.

"கலக்கட்டும்" என்றேன்.